நேர்கோட்டுக்குப் பின்னால்: வேதிவினைகள் ஆற்றல் தடையைக் கடப்பது எப்படி?

அறை வெப்பநிலையை ஒட்டி 10 டிகிரி கூட்டினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. பள்ளிப் பாடத்திலேயே வரும் செய்திதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. 300 கெல்வினிலிருந்து 310 கெல்வினுக்குப் போகும்போது வாயு மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றல் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுகிறது. அவை ஒன்றோடொன்று மோதும் எண்ணிக்கை 2 சதவீதம்கூடக் கூடுவதில்லை. வினையின் வேகம் மட்டும் எப்படி 100 சதவீதம் ஏறுகிறது?

இதற்கு இன்று நாம் சொல்லும் விடைக்கு 1889இல் உருவம் கொடுத்தவர் சுவீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அர்ரீனியஸ். அமிலத்தில் கரும்புச் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும் வினையை எடுத்துக்கொண்டு அவர் வாதிட்டார். கரைசலில் உள்ள எல்லாச் சர்க்கரை மூலக்கூறுகளும் வினைபுரியத் தயாராக இல்லை. மிகச் சிறிய ஒரு பங்கு மட்டுமே ‘கிளர்வுற்ற’ நிலையில் இருக்கிறது. சாதாரண மூலக்கூறுகளுக்கும் இவற்றுக்கும் இடையே ஒரு சமநிலை நிலவுகிறது. வெப்பம் கூடும்போது அந்தச் சிறு பங்குதான் வேகமாகப் பெருகுகிறது. சமநிலை வெப்பத்தோடு எப்படி மாறும் என்பதற்கு வான்ட் ஹாஃப் 1884இலேயே சமன்பாடு தந்திருந்தார். அதைப் பற்றிக்கொண்டு அர்ரீனியஸ் எழுதிய சூத்திரப்படி, வேக மாறிலியின் மடக்கையைத் தனிவெப்பநிலையின் தலைகீழிக்கு எதிராக வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். கோட்டின் சாய்விலிருந்து கிளர்வு ஆற்றல் வெளிப்படும். 10 டிகிரியில் வேகம் இரட்டிக்கும் வினைக்கு அது மோலுக்கு ஏறத்தாழ 53 கிலோஜூல்.

எவ்வளவு ஆற்றல் தேவை என்று கோடு சொல்லிவிடுகிறது. அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது, வந்தபின் மூலக்கூறுக்குள் எங்கே தங்குகிறது, தடையின் உச்சியில் என்ன நடக்கிறது என்ற கேள்விகளுக்கு அது வாய் திறப்பதில்லை. ஒன்றுக்கொன்று முரணான பல விளக்கங்கள் அதே கோட்டைத் தரக்கூடும். அடுத்து வந்த நூறாண்டு வினைவேகவியலின் வரலாற்றில் பெரும்பகுதி, கோட்டுக்குப் பொருந்துவதையே சான்றாக எடுத்துக்கொண்டு ஏமாந்ததும், கோட்டுக்கு வெளியே போய்ச் சோதித்து மீண்டதும்தான்.

அந்தக் கோட்டுக்கே தொடக்கத்தில் தனியுரிமை இருக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் வெர்னான் ஹார்கோர்ட்டும் கணிதவியலாளர் வில்லியம் எஸ்ஸனும் 1895இல் வேறொரு சூத்திரத்தை வைத்தார்கள். அதன்படி வேகம், தனிவெப்பநிலையின் ஏதோ ஓர் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். சோதனைச்சாலையில் அளக்க முடிந்த குறுகிய வெப்பநிலை எல்லைக்குள் அதுவும் தரவுகளுக்கு நன்றாகவே பொருந்தியது. ஆனால் அந்த அடுக்குக்குப் பௌதிகப் பொருள் என்னவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. அர்ரீனியஸின் சூத்திரத்தில் வரும் ஆற்றலுக்குப் பொருள் இருந்தது. அது நிலைத்ததற்கு முக்கியக் காரணம் அதுவே.

மோதல் கணக்கு

ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு எளிய விடை, மோதலிலிருந்து. ஹைடெல்பர்க்கில் மாக்ஸ் டிராவுட்ஸ் 1916இலும், லிவர்பூலில் வில்லியம் மெக்கல்லா லூயிஸ் 1918இலும் இதைக் கணக்காக்கினார்கள். இடையில் முதல் உலகப் போர். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது.

லூயிஸ் எடுத்துக்கொண்டது ஹைட்ரஜன் அயோடைடு வாயு பிரியும் வினை. இதற்கு 1890களில் மாக்ஸ் போடன்ஸ்டைன் செய்த நேர்த்தியான அளவீடுகள் கையில் இருந்தன. வாயுக்களின் இயக்கக் கொள்கையிலிருந்து ஒரு நொடிக்கு எத்தனை மோதல் என்று கணக்கிடலாம். அவற்றுள் கிளர்வு ஆற்றலைத் தாண்டியவை எத்தனை பங்கு என்பதை போல்ட்ஸ்மன் காரணி தரும். இரண்டையும் பெருக்கினால் வினைவேகம். கிளர்வு ஆற்றல் மோலுக்குச் சுமார் 184 கிலோஜூல் என்று கொண்டால், 556 கெல்வினில் ஏறத்தாழ 2000 கோடி கோடி மோதல்களில் ஒன்றுதான் பலிக்கும். ஒரு மூலக்கூறு நொடிக்குச் சில நூறு கோடி முறை மோதினாலும், தன் முறைக்காக அது ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்படிக் கிடைத்த விடை அளந்த வேகத்துக்கு வெகு அருகில் வந்து நின்றது.

மற்ற வினைகளில் இவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. சிக்கலான மூலக்கூறுகளுக்குக் கணக்கு காட்டிய வேகம் உண்மையைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. மூலக்கூறுகள் சரியான திசையில் முட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு திருத்தக் காரணியைச் சேர்த்தார்கள். அந்தக் காரணியை முன்கூட்டிக் கணிக்க மோதல் கொள்கையிடம் வழியில்லை. கணக்குக்கும் அளவீட்டுக்கும் உள்ள இடைவெளிக்கு இட்ட பெயராகவே அது நின்றது.

பெரெனின் சிக்கல்

இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை, ஒற்றை மூலக்கூறு தானாகவே பிரியும் வினைகளில் இருந்தது. இவை முதல் வகை வினைகள். வாயுவின் அழுத்தம் எதுவாயினும், ஒரு நொடியில் பிரியும் மூலக்கூறுகளின் பங்கு மாறாது. மோதலால்தான் ஆற்றல் கிடைக்கிறதென்றால், வாயுவை விரித்து மோதல்களைக் குறைக்கும்போது அந்தப் பங்கும் குறைய வேண்டும். அது குறையவில்லை.

பாரிஸில் ழான் பெரென் 1919இல் இந்த வாதத்தைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனார். வாயுவை எல்லையில்லாமல் விரித்துக்கொண்டே போவோம்; மோதல் என்பதே இல்லாமல் போய்விடும்; அப்போதும் அதே பங்கு பிரியும் என்றால் ஆற்றல் மோதலிலிருந்து வரவில்லை. அப்படியானால் மிச்சமிருக்கும் ஒரே ஊற்று, கலத்தின் சூடான சுவர்கள் உமிழும் அகச்சிவப்புக் கதிர்வீச்சு. கிளர்வு ஆற்றலை பிளாங்க் மாறிலியால் வகுத்தால், எந்த அதிர்வெண் கொண்ட ஒளி அந்த வேலையைச் செய்கிறது என்பதும் தெரிந்துவிடும். அழகான வாதம். மோதல் கணக்கைப் போட்ட டிராவுட்ஸும் லூயிஸும்கூட கதிர்வீச்சுக் கருதுகோளின் ஆதரவாளர்களாக இருந்தார்கள் என்பது அன்றைய குழப்பத்தின் அளவைக் காட்டும்.

சோதித்துப் பார்க்கக்கூடிய வாதம் என்பதால் அது விரைவிலேயே அடி வாங்கியது. தேவைப்படும் குறுகிய அதிர்வெண் பட்டையில், அளந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் அளவு கதிர்வீச்சு கலத்துக்குள் இல்லை என்று இர்விங் லாங்மூர் 1920இல் கணக்கிட்டுக் காட்டினார். கணக்கு சுட்டிய அதிர்வெண்களும் அந்தந்தப் பொருள்கள் உண்மையில் ஒளியை உட்கவரும் அதிர்வெண்களும் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும்விட எளிய மறுப்பை 1921இல் லண்டன் ஃபாரடே சங்கத்தின் விவாதத்தில் ஃபிரெடரிக் லிண்டமன் வைத்தார். சர்க்கரை பிரியும் வினைக்குக் கணக்குப்படி தேவையான அகச்சிவப்பு ஒளி வெயிலில் தாராளமாக இருக்கிறது. பெரென் சொல்வது சரியென்றால், சர்க்கரைக் கரைசலை வெயிலில் வைத்தவுடன் வினை கோடிக்கணக்கான மடங்கு வேகமெடுக்க வேண்டும். அப்படி எதுவும் நடப்பதில்லை.

மறுத்ததோடு லிண்டமன் நிற்கவில்லை. மோதலையே வைத்துக்கொண்டு முதல் வகை வினையை விளக்கவும் வழி சொன்னார். மோதலில் ஆற்றல் பெற்ற மூலக்கூறு உடனே பிரிந்துவிடுவதில்லை. சற்று நேரம் அந்த ஆற்றலைத் தாங்கியபடியே திரிகிறது. அழுத்தம் அதிகமாக இருந்தால், அந்த இடைவெளிக்குள் மறுபடி ஒரு மோதல் நேர்ந்து பெற்ற ஆற்றலைப் பறித்துவிடும். பெறுவதும் இழப்பதும் சமநிலைக்கு வந்துவிடுவதால், கிளர்வுற்றவற்றின் பங்கு அழுத்தத்தைப் பொறுத்து மாறாது. வினை முதல் வகையாகத் தெரியும். அழுத்தத்தைப் போதுமான அளவு குறைத்தால் கதை மாறும். அப்போது ஆற்றல் பெற்ற மூலக்கூறு எப்படியும் பிரிந்துவிடும், பெறுவதே அரிதாகிவிடும், பிரியும் பங்கு சரியத் தொடங்கும். கோபன்ஹேகனில் கிறிஸ்டியன்சனும் அதே காலத்தில் தன் ஆய்வேட்டில் இதே திசையில் சிந்தித்திருந்தார்.

பெரென் தன் வாதத்தை எல்லையற்ற விரிவு வரை நீட்டியபோது, யாரும் அளந்திராத பகுதியிலும் பழைய போக்கே தொடரும் என்று எடுத்துக்கொண்டார். அந்தப் பகுதியில்தான் இரண்டு கொள்கைகளும் பிரிகின்றன. வெப்பநிலைக் கோட்டை எத்தனை முறை வரைந்தாலும் தீர்ப்பு கிடைக்காது. அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். 1927இல் ராம்ஸ்பெர்கர் அசோமீத்தேன் வாயுவில் இந்தச் சரிவை அளந்தார். சில கரிமச் சேர்மங்களில் சிரில் ஹின்ஷல்வுட்டும் அதே சரிவைக் கண்டார். கதிர்வீச்சுக் கருதுகோள் ஒதுங்கியது.

மூலக்கூறுக்குள் ஒரு கிடங்கு

அதோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. லிண்டமனின் எளிய கணக்குப்படி சரிவு தொடங்க வேண்டிய அழுத்தம் ஒன்று. அளவீட்டில் அது தொடங்கிய அழுத்தம் வேறு, மிகக் குறைவானது. மூலக்கூறுகள், கணக்கு அனுமதிப்பதைவிட மிக வேகமாகக் கிளர்வுற்றுக்கொண்டிருந்தன.

ஹின்ஷல்வுட் கண்ட தீர்வு, மூலக்கூறின் உள்ளமைப்பைக் கணக்கில் சேர்ப்பது. ஒரு மூலக்கூறில் பல பிணைப்புகள் அதிர்கின்றன. தேவையான ஆற்றல் முழுவதும் மோதும் கணத்தில் நேர்வேகமாகவே இருக்க வேண்டியதில்லை. அதிர்வுகளில் எப்படிப் பரவியிருந்தாலும் சரி. பல அதிர்வுகளுக்குள் ஆற்றலைப் பங்கிட எத்தனையோ வழிகள் இருப்பதால், போதிய ஆற்றல் சேரும் வாய்ப்பு வெகுவாக உயர்கிறது. கிளர்வு ஆற்றல் வெப்ப ஆற்றலைப்போல் 40 மடங்கு இருக்கும் மூலக்கூறில் 6 அதிர்வுகளைக் கணக்கில் கொண்டால், இந்த வாய்ப்பு எட்டு லட்சம் மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. விடுபட்ட வேகம் கைக்கு வந்தது.

ஆனால் மொத்த ஆற்றல் இருந்தால் மட்டும் பிணைப்பு அறுந்துவிடாது. ஆற்றல் அறுபட வேண்டிய பிணைப்பில் வந்து குவிய வேண்டும். 1927, 1928இல் ரைஸ், ராம்ஸ்பெர்கர், கேசல் ஆகியோர் இதைச் சேர்த்தார்கள். பரவிக் கிடக்கும் ஆற்றல் தற்செயலாக ஓரிடத்தில் கூடும்வரை மூலக்கூறு காத்திருக்கிறது. லிண்டமன் ஊகித்த தாமதத்துக்குக் காரணம் இதுதான். கூடுதல் ஆற்றல் பெற்ற மூலக்கூறு விரைவாகப் பிரியும், விளிம்பில் நிற்பது மெதுவாகப் பிரியும் என்பதும் இதிலிருந்து வந்தது. 1950களின் தொடக்கத்தில் ரூடால்ஃப் மார்கஸ் இதற்குக் கொடுத்த முழு வடிவம் வளிமண்டல வேதியியலிலும் எரிதல் ஆய்விலும் இன்றும் அன்றாடக் கருவி.

உச்சியில் என்ன இருக்கிறது?

ஹைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அணுக்களாக உடைக்க மோலுக்கு 436 கிலோஜூல் வேண்டும். தனி ஹைட்ரஜன் அணு ஒன்று அந்த மூலக்கூறை நெருங்கி, அதன் ஓர் அணுவைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும் வினைக்கோ ஏறத்தாழ 40 கிலோஜூல் போதும். உடைக்கும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏன்?

பழைய பிணைப்பு முற்றாக அறுந்தபின் புதியது உருவாவதில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஒரு பக்கம் தளரத் தளர மறுபக்கம் இறுகுகிறது. செலவில் பெரும்பகுதியை வரவு ஈடுகட்டிவிடுகிறது. ஃபிரிட்ஸ் லண்டன் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு காட்டிய வழியைப் பின்பற்றி, 1931இல் பெர்லினில் ஹென்றி ஐரிங்கும் மைக்கேல் பொலானியும் இந்த மூன்று அணுக்களுக்கான நிலையாற்றல் பரப்பை வரைந்தார்கள். அணுக்களுக்கு இடையிலான தொலைவுகள் மாற மாற ஆற்றல் எப்படி ஏறி இறங்குகிறது என்பதன் வரைபடம் அது. வினைபடு பொருள்கள் ஒரு பள்ளத்தாக்கில், விளைபொருள்கள் இன்னொன்றில், நடுவே மலைத்தொடர். வினை சிகரத்தின்மீது ஏறுவதில்லை, இருப்பதில் தாழ்வான கணவாய் வழியாகக் கடக்கிறது.

1935இல் பிரின்ஸ்டனில் ஐரிங்கும், மான்செஸ்டரில் எவன்ஸும் பொலானியும் அந்தக் கணவாயின் உச்சியையே கணக்கின் மையமாக்கினார்கள். உச்சியிலுள்ள அணுக்கூட்டத்தைக் கிளர்வுற்ற அணைவு என்று அழைத்து, அதற்கும் வினைபடு பொருள்களுக்கும் சமநிலை இருப்பதாகக் கொண்டார்கள். உச்சியை அடைந்தவை எந்த விகிதத்தில் மறுபக்கம் இறங்கும் என்பதற்கு எல்லா வினைக்கும் பொதுவான ஓர் அதிர்வெண் வந்து நின்றது. 300 கெல்வினில் அது நொடிக்குச் சுமார் 6 லட்சம் கோடி. மோதல் கொள்கையால் விளக்க முடியாத அந்தத் திருத்தக் காரணிக்கும் இங்கே பொருள் கிடைத்தது. கணவாய் குறுகலாக இருந்தால், அதாவது அணுக்கள் மிகக் குறிப்பிட்ட அமைப்பில் ஒழுங்குபட வேண்டியிருந்தால், என்ட்ரோபி குறையும், வேகமும் குறையும்.

நொதிகளைப் பற்றிய ஒரு பொதுவான தவறான எண்ணமும் இதில் தெளிகிறது. நொதி வினைக்கு ஆற்றல் வழங்குவதில்லை. அது கிளர்வுற்ற அணைவின் வடிவத்துக்கு இசைந்து அதைப் பற்றிக்கொள்வதால் கடக்க வேண்டிய உயரம் குறைகிறது என்று லைனஸ் பாலிங் 1946இல் எழுதினார். உயிரணுவில் டி.என்.ஏ.வின் கூறுகளை உருவாக்கும் பாதையில் ஒரு படி, நொதி இல்லாமல் நீரில் தானாக நடக்குமானால் அரை ஆயுள் 7.8 கோடி ஆண்டுகள் என்று ராட்ஸிக்காவும் வுல்ஃபெண்டனும் 1995இல் மதிப்பிட்டார்கள். நொதி அதை ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடித்துவிடுகிறது.

உச்சியைத் தொட்டவை எல்லாம் மறுபக்கம் இறங்கியே தீரும் என்று ஐரிங்கின் கணக்கு எடுத்துக்கொள்கிறது. கரைசலில் சுற்றிலும் திரவ மூலக்கூறுகள் முட்டிக்கொண்டிருக்கும்போது இது எப்படிச் சரியாகும் என்று 1940இல் டச்சு இயற்பியலாளர் கிராமர்ஸ் கேட்டார். சூழலின் உராய்வு மிகக் குறைவாக இருந்தால், மூலக்கூறுக்கு வேண்டிய ஆற்றல் வந்து சேராமல் வினை தாமதப்படும். லிண்டமனின் தாழ்ந்த அழுத்த நிலை இதன் ஒரு வடிவம். உராய்வு மிகுந்தால், உச்சிக்கு வந்த மூலக்கூறு முன்னும் பின்னும் தள்ளாடித் திரும்பிவிடும். இரண்டுக்கும் நடுவில்தான் வேகம் உச்சம் பெறுகிறது.

பொருந்திய கோடுகள், தவறிய வழிகள்

இந்தக் கொள்கைகளை வளர்த்த முன்மாதிரி வினைகள் பின்னாளில் என்ன ஆயின என்பதுதான் இந்த வரலாற்றின் கூர்மையான பாடம்.

1921இல் டேனியல்ஸும் ஜான்ஸ்டனும் அளந்த டைநைட்ரஜன் பென்டாக்சைடு பிரிதல், ஒற்றை மூலக்கூறு வினைக்கு வாயுக்களில் கிடைத்த தலைசிறந்த எடுத்துக்காட்டாகப் பல ஆண்டுகள் போற்றப்பட்டது. 1947இல் ரிச்சர்ட் ஆக் அது பல படிகளில் நடப்பது என்று காட்டினார். மூலக்கூறு முதலில் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்துகொண்டே இருக்கிறது. அவ்வப்போது வேறொரு பக்கவழியில்தான் வினை முன்னேறுகிறது.

மோதல் கொள்கையின் வெற்றிச் சின்னமான ஹைட்ரஜன் அயோடைடுக்கும் இதே கதி. லூயிஸ் கணக்கிட்ட பிரிதலின் மறுதலை வினையில், ஹைட்ரஜனும் அயோடினும் நேரடியாக மோதிச் சேர்வதாகவே பாடநூல்கள் சொல்லிவந்தன. 1967இல் ஜான் சல்லிவன், வினை வெப்பத்தால் அதிகம் நடக்காத தாழ்ந்த வெப்பநிலையில் அயோடின்மேல் 578 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சி அயோடின் அணுக்களை உண்டாக்கி, அவை ஹைட்ரஜனோடு வினைபுரியும் வேகத்தை அளந்தார். அயோடின் அணுக்கள் வழியாகவே வினை நடப்பதாகக் கொண்டால் முழு வேகத்துக்கும் கணக்கு சரியாகிவிட்டது. அணுக்களின் செறிவின் இருபடி அயோடின் மூலக்கூறின் செறிவைப் பொறுத்தே அமைவதால், இரண்டு வழிகளுக்கும் வேகச் சமன்பாடு ஒன்றுதான். வெப்பநிலைக் கோடும் ஒன்றுதான். லூயிஸின் எண் பொருந்தியது. அதற்குப் பின்னால் அவர் வைத்த படம் பொருந்தியாக வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. 1990களின் நடுவில் மெக்மஹோன், டன்பார் ஆகியோரின் குழுக்கள், அயனிகளைக் காந்தப்புலத்தில் நீண்ட நேரம் சிறைவைக்கும் நிறைநிரல் மானிகளில் ஒரு விநோதத்தைக் கண்டன. குளோரைடு அயனியோடு சில நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும் தளர்ந்த கொத்துகள், மோதலே இல்லை என்று சொல்லத்தக்க வெற்றிடத்திலும் பிரிந்துகொண்டிருந்தன. அழுத்தத்தை மேலும் குறைத்தாலும் வேகம் குறையவில்லை. ஆற்றல் வந்தது கலத்தின் சுவர்கள் உமிழ்ந்த அகச்சிவப்புக் கதிர்வீச்சிலிருந்து. பெரென் கற்பனையில் சென்ற எல்லையில் அவர் சொன்ன ஊற்று உண்மையாகவே வேலை செய்தது. அவர் நினைத்ததுபோல் ஒரே அதிர்வெண்ணில் ஒரே விழுங்கலாக அல்லாமல், பல சிறு ஒளித்துகள்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு மூலக்கூறு கிளர்வுறுகிறது. புரத அயனிகள் சிதையும் ஆற்றலை அளக்க இன்று இது ஒரு முறையாகவே ஆகிவிட்டது.

தடையைக் கடக்காமலே மறுபக்கம் போய்விடும் வினைகளும் உண்டு. ஹைட்ரஜன் போன்ற இலேசான அணுக்கள் குவாண்டம் விதிப்படி தடையை ஊடுருவிச் செல்லும். 2011இல் ஷ்ரைனர், ஆலன் ஆகியோரின் குழு, மெத்தில்ஹைட்ராக்சிகார்பீன் என்ற மூலக்கூறை 11 கெல்வினில் உறைந்த ஆர்கானுக்குள் அடைத்துவைத்துப் பார்த்தது. அதற்கு முன்னால் இரண்டு வழிகள். வினைல் ஆல்கஹாலுக்குப் போகும் தடை மோலுக்குச் சுமார் 95 கிலோஜூல். அசிட்டால்டிஹைடுக்குப் போகும் தடை சுமார் 117. தாழ்ந்த தடையே வெல்லும் என்பது நூறாண்டுப் பழக்கம். மூலக்கூறு சுமார் ஒரு மணி நேர அரை ஆயுளோடு அசிட்டால்டிஹைடாக மாறியது. அந்தத் தடை உயரமானது, ஆனால் அகலம் குறைந்தது. ஊடுருவலுக்கு அகலமே முக்கியம். இத்தகைய வினைகளில் வெப்பநிலை தாழத் தாழ அர்ரீனியஸின் கோடு நேராக நிற்பதில்லை, வளைந்து படுத்துவிடுகிறது.

இவையெல்லாம் ஆய்வுக்கூட நுணுக்கங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. மருந்துகளின் காலாவதி நாளை முன்கூட்டி மதிப்பிட, அவற்றை 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்து விரைவுச் சோதனை செய்வது பன்னாட்டு நடைமுறை. மேல் வெப்பநிலையில் கண்ட சிதைவு வேகத்திலிருந்து கீழ் வெப்பநிலையின் வேகத்தைக் கணிக்கும்போது, இரண்டிலும் வினை ஒரே வழியில் நடக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கோட்டின் நேர்மை அதற்கு உறுதி தராது. 40 டிகிரியில் முன்னுக்கு வரும் சிதைவு வழி 25 டிகிரியில் பின்தங்கிவிடலாம். அங்கே வேறொன்று மெல்ல வேலை செய்துகொண்டிருக்கலாம். விரைவுச் சோதனையில் தேறிய மருந்தையும் சேமிப்பு வெப்பநிலையிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்து அளக்கச் சொல்லும் விதி, இந்த நூறாண்டு அனுபவத்துக்கு இசைந்த விதி. கிளர்வு ஆற்றல் என்ற எண்ணை யாராவது கொடுத்தால், அது எந்த வெப்பநிலை எல்லைக்குள், எந்த அழுத்தத்தில், எந்தச் சூழலில் அளந்தது என்று கேட்டபின்பே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.